விருந்தின் முதல் கிண்ணம்

விருந்தில் முதலில் வரும் உணவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. பசியைக் கிளப்பிவிட வேண்டும். பின்னால் வரும் பெரிய உணவுக்கு வயிற்றில் இடமும் விட்டுவைக்க வேண்டும். பிரிட்டனில் டிசம்பர் 25 அன்று மேசைக்கு வரும் கிறிஸ்துமஸ் விருந்தை எடுத்துக்கொண்டால் இதிலுள்ள சிக்கல் புரியும். முழுதாகச் சுட்ட வான்கோழி, ரொட்டித் தூளும் வெங்காயமும் மூலிகையும் கலந்த ஸ்டஃபிங், வாத்துக் கொழுப்பில் மொறுமொறுவென வாட்டிய உருளைக்கிழங்கு, கெட்டியான கிரேவி, முடிவில் உலர்ந்த திராட்சையும் கொழுப்பும் அடர்ந்த புட்டிங். இத்தனைக்கும் முன்னால் எதை வைப்பது என்று கேட்டால், ‘லேசாக ஏதாவது’ என்பதே அனுபவப்பட்ட சமையற்காரர்களின் பதில். அந்த ‘லேசு’ என்ற ஒரு சொல்லுக்குள் நாக்கு, நரம்பு, இரைப்பை, சிறுகுடல் எல்லாவற்றின் வேலையும் அடங்கியிருக்கிறது.

முதலில் சிறிதாக ஒன்றை உண்டு, பிறகு பெரிய உணவுக்குப் போகும் வழக்கம் மிகப் பழையது. பண்டைய ரோமானியர்களின் விருந்து முட்டையில் தொடங்கி ஆப்பிளில் முடிந்தது. ‘குஸ்டாட்டியோ’ என்று அவர்கள் அழைத்த முதல் சுற்றில் முட்டையோடு ஆலிவ், லெட்டூஸ் கீரை, தேன் கலந்த ஒயின் ஆகியவையும் இடம்பெற்றன. தாத்தாக்கள் விருந்தின் கடைசியில் உண்ட லெட்டூஸ் எப்படி முதலுக்கு வந்தது என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல் கேட்டிருக்கிறார். இத்தாலியர்கள் சொல்லும் ‘ஆன்டிபாஸ்டோ’வுக்கு உணவுக்கு முந்தியது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களின் ‘அபெரிதிஃப்’, ‘திற’ என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லில் இருந்து பிறந்தது. ஐரோப்பியப் பெருவிருந்துகளில் நெடுங்காலம் பல வகை உணவுகளை ஒரே நேரத்தில் மேசை முழுக்கப் பரப்பி வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில், ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று வரிசையாகக் கொண்டுவரும் ‘ரஷ்ய முறை’ பிரான்சிலும் பிரிட்டனிலும் பரவியது. முதல் உணவுக்கெனத் தனித் தட்டும் தனி நேரமும் உறுதியாக அமைந்தது அதன் பிறகுதான்.

பசி எப்படித் திறக்கிறது என்பதைப் பரிசோதனையில் தெளிவாகக் காட்டியவர் ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ். மணியோசை கேட்டு எச்சில் ஊறிய நாய்களை வைத்தே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக. விழுங்கிய உணவு இரைப்பைக்குப் போகாமல் கழுத்தில் அமைத்த திறப்பு வழியாக வெளியே விழும்படி அவர் நாய்களுக்கு அறுவை செய்தார். ஒரு கவளம்கூட உள்ளே போகவில்லை. அப்படியும் இரைப்பையில் செரிமான நீர் பெருகியது. வேகஸ் நரம்பை வெட்டியதும் அது நின்றுபோனது. கண்ணும் மூக்கும் நாக்கும் அறிந்ததை மூளை அந்த நரம்பு வழியாக இரைப்பைக்குச் சொல்லி அனுப்புகிறது. மனிதர்களில் ஒரு வேளை உணவுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம், உணவு இரைப்பையைத் தொடுவதற்கு முன்பே தொடங்கும் இந்தக் கட்டத்துக்கு உரியது. ஆகவே முதல் உணவுக்கு மணமும் நிறமும் இருந்தாக வேண்டும். சப்பென்ற ஒன்றை ‘லேசானது’ என்ற பெயரில் வைத்தால் அதன் முதல் வேலையே நடக்காது.

இரைப்பையின் பக்கமிருந்தும் ஒரு தூது போகிறது. 1999இல் ஜப்பானின் மசயாசு கோஜிமா, கென்ஜி கங்கவா குழுவினர் கண்டறிந்த கிரெலின் என்ற ஹார்மோனை வெறும் வயிறு சுரக்கிறது. சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது, உண்டபின் இறங்குகிறது. விருந்தாளிகள் மேசைக்கு வரும்போது கிரெலின் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ருசியான ஒரு வாய் உள்ளே போனால் பசி குறைவதற்குப் பதில் சற்றுக் கூடுகிறது. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் யோமன்ஸ் 1990களில் செய்த பரிசோதனைகள் இதைக் காட்டின. உண்ணும்போதே இடையிடையே நிறுத்தி, ‘இப்போது எவ்வளவு பசிக்கிறது’ என்று கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ருசி குறைந்த உணவை உண்டவர்களின் பசி தொடக்கத்திலிருந்தே இறங்கியது. ருசியான உணவை உண்டவர்களுக்கோ முதல் சில கவளங்களில் பசி மேலே ஏறி, அதன் பிறகே இறங்கத் தொடங்கியது. அந்தச் சிறு ஏற்றம்தான் முதல் உணவு தர வேண்டியது. அது இறக்கமாக மாறுவதற்குள் கிண்ணம் காலியாகிவிட வேண்டும்.

இறக்கத்தை எது கொண்டுவருகிறது? வெறும் இரைப்பையின் கொள்ளளவு 100 மில்லிலிட்டருக்கும் குறைவு. உணவு வர வர அதன் மேல்பகுதித் தசை தளர்ந்து, ஒரு லிட்டருக்கு மேல் வலியில்லாமல் இடம் கொடுக்கிறது. எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைச் சுவரிலுள்ள நரம்பு முனைகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இது உடனடிச் செய்தி. இரண்டாவது செய்தி சற்றுத் தாமதமாக வருவது. உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பித்தப்பையைச் சுருங்கவைக்கும் பொருளாக 1928இல் இது அறியப்பட்டது. உண்பதை நிறுத்தவும் செய்கிறது என்பது 1973இல் எலிகளில் நடந்த பரிசோதனையில் தெரியவந்தது. இரைப்பையின் வாயிலை இறுக்கி, உணவு கீழே இறங்குவதையும் இது மந்தப்படுத்துகிறது. சீஸும் வெண்ணெயும் கிரீமும் நிறைந்த முதல் உணவு எவ்வளவு சிறிய தட்டில் வந்தாலும் வயிற்றில் கனமாக உட்கார்ந்துகொள்வதற்கு இதுவே காரணம். வான்கோழி வரும் நேரத்தில் வாயில் சாத்தப்பட்டிருக்கும்.

எடை குறைப்பு ஆய்வுகள் இந்த விஷயத்தில் நிறையக் கற்றுத் தந்திருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் பல ஆண்டுகளாக முதல் உணவை வைத்தே பரிசோதனை செய்தவர். 2004இல் வெளியான ஆய்வில் 42 பெண்களுக்கு மதிய பாஸ்தாவுக்கு முன்னால் சாலட் கொடுத்தார்கள். கொழுப்பு குறைந்த காய்கறி சாலட்டை 150 கிராம் உண்டபோது, சாலட்டையும் சேர்த்து அந்த வேளையின் மொத்தக் கலோரி 7 சதவீதம் குறைந்தது. 300 கிராம் உண்டபோது 12 சதவீதம். ஆனால் அதே சாலட்டில் சீஸையும் எண்ணெய் மிகுந்த டிரெஸ்ஸிங்கையும் கூட்டியபோது கணக்கு தலைகீழானது. சிறிய தட்டுக்கு 8 சதவீதமும் பெரிய தட்டுக்கு 17 சதவீதமும் மொத்தம் கூடியது. பார்வைக்கு இரண்டும் பச்சைக் காய்கறிதான். 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில், காய்கறி சூப்பை முதலில் உண்டவர்கள் அந்த வேளையில் மொத்தமாக 20 சதவீதம் குறைவான கலோரியே எடுத்துக்கொண்டார்கள். சாறும் காய்களும் தனித்தனியாக வந்தாலும், சூப் காய்த்துண்டுகளோடு இருந்தாலும், அரைத்துக் கூழாக்கியிருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை.

விருந்து வைப்பவர் இந்த முடிவுகளைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும். எடையைக் குறைக்க விரும்புபவருக்குப் பெரிய கிண்ணம் சூப் நல்லது. அது வயிற்றை அடைத்து அடுத்த தட்டைச் சிறிதாக்கும். நாள் முழுக்க அடுப்பருகே நின்று வான்கோழி சுட்டவருக்கோ விருந்தாளி அதை விரும்பி உண்ண வேண்டும். அதே சூப் விருந்தாளிக்கு 150 மில்லிலிட்டர் போதும், அதாவது ஒரு தேநீர்க் கோப்பை அளவு. பசியைக் கிளப்ப அது தாராளம். இரைப்பையை நிரப்பவோ போதாது.

சூப்புக்குப் பதிலாக ஒரு தம்ளர் தண்ணீர் அதே வேலையைச் செய்துவிடாதா என்று தோன்றலாம். இதையும் ரோல்ஸ் 1999இல் சோதித்தார். கோழியும் அரிசியும் காய்களும் சேர்ந்த ஒரே உணவை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: தனியாக, ஒரு தம்ளர் தண்ணீரோடு, அதே அளவுத் தண்ணீரை உள்ளேயே ஊற்றிச் சமைத்த சூப்பாக. கலோரியில் மூன்றும் சமம். சூப்பாக உண்டவர்கள் மட்டும் அடுத்து வந்த உணவைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் வைத்துக் குடித்த தண்ணீர் எந்த மாற்றமும் செய்யவில்லை. காரணத்தை நாட்டிங்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்ஆர்ஐ படங்களில் பார்த்தார்கள். திட உணவோடு குடிக்கும் தண்ணீர் இரைப்பையில் நிற்பதில்லை. சல்லடையில் ஊற்றியதுபோல, திடப்பொருளை விட்டுவிட்டு அது மட்டும் கீழே வடிந்துவிடுகிறது. அரைத்துக் கலந்த சூப்பில் நீரும் சத்தும் பிரியாததால் இரைப்பை வெகு நேரம் விரிந்தே இருக்கிறது. இதில் விருந்துக்கு ஒரு பாடம் உண்டு. கெட்டியாக அரைத்த உருளைக்கிழங்கு சூப்பும் பரங்கிக்காய் சூப்பும் இரவுச் சாப்பாட்டுக்கே தனியாகப் போதுமானவை. பெரிய விருந்துக்கு முன்னால், அதிகம் தேங்காமல் வடிந்து போகும் தெளிந்த சாறே ஏற்றது.

இனி ருசியின் கதை. ஒன்றையே தொடர்ந்து உண்டால் அதன் மேல் உள்ள விருப்பம் மட்டும் தேய்ந்துபோகிறது. வேறு உணவின் மேல் உள்ள விருப்பம் அப்படியே இருக்கிறது. வயிறு நிரம்பியபின்னும் பாயசத்துக்கு இடம் இருப்பதன் ரகசியம் இதுதான். 1981இல் பார்பரா ரோல்ஸும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சகாக்களும் இதை அளந்து காட்டினார்கள். நான்கு விதமான உள்ளீடு வைத்த சாண்ட்விச்சுகளைக் கொடுத்தபோது, ஒரே விதத்தைக் கொடுத்தபோது உண்டதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக மக்கள் உண்டார்கள். ருசிக்கு மட்டுமல்லாமல் மணம், நிறம், மென்மை, மொறுமொறுப்பு ஆகியவற்றுக்கும் இந்தச் சலிப்பு பொருந்தும்.

ஆகவே முதல் உணவைத் தேர்ந்தெடுக்க அமர்பவர் முதலில் பார்க்க வேண்டியது முக்கிய உணவைத்தான். வான்கோழி விருந்து பழுப்பு நிறம். உப்பும் கொழுப்பும் மாவும் மிகுந்தது. மார்புக்கறி சற்று வறண்டது. புளிப்பு மிகக் குறைவு. அப்படியானால் அதற்கு முந்தியது நிறத்தில் சிவப்பாகவோ பச்சையாகவோ, ருசியில் புளிப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு வழக்கமாக வரும் முதல் உணவுகளை இந்தக் கண்ணால் பார்த்தால் எது நிற்கும், எது விழும் என்று எளிதில் தெரிகிறது. எலுமிச்சை பிழிந்த புகையிட்ட சால்மன் மீன் மெல்லிய துண்டுகளாக, ரொட்டி இல்லாமல் வந்தால் நன்று. முலாம்பழம் 100 கிராமுக்கு 34 கலோரிதான். ஆனால் அதன் இனிப்பு முக்கிய உணவுக்கு முன்னால் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. 1960களிலும் 70களிலும் புகழின் உச்சியில் இருந்த இறால் காக்டெயிலில் இறால் லேசு, மேலே ஊற்றும் மயோனைஸ் லேசல்ல. மயோனைஸ் 100 கிராமில் ஏறத்தாழ 700 கலோரி உண்டு. செஸ்ட்நட் கொட்டையும் கிரீமும் சேர்த்த சூப் தனியாகப் பார்த்தால் அருமையானது. வான்கோழியின் ஸ்டஃபிங்கிலும் அதே செஸ்ட்நட் இருந்தால், அதன் ருசி முதல் கிண்ணத்திலேயே தேய்ந்துவிடும்.

எல்லாக் கணக்கும் ஒன்றாகக் கூடிவரும் ஒரு முதல் உணவு போலந்தில் இருக்கிறது. அந்நாட்டில் கிறிஸ்துமஸ் விருந்து டிசம்பர் 24 இரவில், வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகு தொடங்குகிறது. ‘விகிலியா’ என்று பெயர். மரபுப்படி இறைச்சி கிடையாது. 12 வகை உணவுகள். மீன் பொரியல், மாவுக்கொழுக்கட்டைகள், முட்டைக்கோஸ், கசகசா இனிப்பு என்று நீளும் அந்த வரிசையின் முன்னால் பல வீடுகளில் வருவது ‘பர்ஷ்ச்’ என்ற தெளிந்த பீட்ரூட் சாறு. காளான் பூரணம் வைத்த, காது வடிவக் குட்டிக் கொழுக்கட்டைகள் சில அதில் மிதக்கும்.

இந்தச் சாற்றின் உயிர் அதன் புளிப்பு. நறுக்கிய பீட்ரூட்டை உப்புநீரில் பூண்டு, பிரிஞ்சி இலை முதலியவற்றோடு ஊறப்போட்டு சில நாட்கள் வைத்தால், காயின் மேலேயே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான். இந்தப் புளித்த நீரைத்தான் கடைசியில் சாற்றில் சேர்க்கிறார்கள். பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணமான பெட்டானின் வெப்பத்தில் சிதைந்து பழுப்பாகும். மிதமான அமிலத்தில் நிலையாக நிற்கும். புளித்த நீரைச் சேர்த்தபின் சாற்றைக் கொதிக்கவிடக் கூடாது என்று போலந்துப் பாட்டிமார் சொல்வது வேதியியலும் ஒப்புக்கொள்ளும் விதி. இன்னொரு நன்மையும் உண்டு. பீட்ரூட்டின் மண்வாசனைக்கு ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம். முதல் மழையில் நிலத்திலிருந்து எழும் மணத்திலும் இருப்பது அதுவே. மழைக்கு இனிமை சேர்க்கும் அந்த மணத்தைக் கிண்ணத்தில் பலர் விரும்புவதில்லை. அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமற்ற வேறொரு பொருளாக மாறுகிறது. புளிப்பு எச்சிலையும் ஊறவைக்கிறது. வறண்ட வாயில் ருசி ஏறாது.

இறைச்சி இல்லாத இந்தச் சாற்றுக்கு ஆழம் கொடுப்பது உலர்ந்த காட்டுக்காளான். 1908இல் ஜப்பானின் கிகுனே இகேதா கொம்பு என்ற கடற்பாசியில் இருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் ருசிக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். உலர்ந்த காளானில் உள்ள குவானிலேட் என்ற பொருள் குளுட்டமேட்டோடு சேரும்போது அந்த ருசி தனித்தனி ருசிகளின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு பெருகுகிறது. எண்ணெயோ மாவோ இல்லாமலேயே நாக்குக்கு நிறைவு கிடைக்கிறது. கொழுக்கட்டை நான்குக்கு மேல் போகாத வரையில், இதைவிட நேர்த்தியான முதல் உணவைக் காண்பது கடினம்.

தமிழுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அன்றைய ஐரோப்பியர் பலர் சூப்போடு விருந்தைத் தொடங்கிப் பழகியவர்கள். தமிழகத்து இலைச் சாப்பாட்டிலோ சூப் என்று தனியே எதுவும் இல்லை. ரசம் சாம்பாருக்குப் பின்னால், சோற்றில் ஊற்றி உண்ண வருவது. சென்னையில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு அவர்களின் சமையற்காரர்கள் மிளகுத்தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி முதலில் வைத்தார்கள். அதுவே ‘முல்லிகடானி’ ஆனது. 1886இல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி இச்சொல்லைத் தமிழிலிருந்து வந்ததாகவே பதிவு செய்திருக்கிறது. கடல் கடந்து போன பின் அதில் கோழியும் ஆட்டுக்கறியும் கறிப்பொடியும் மாவும் கிரீமும் சேர்ந்துகொண்டன. பசியைத் தூண்டும் தெளிந்த புளிப்புச் சாறாகப் புறப்பட்டது, ஒரு வேளை உணவின் கனத்தோடு முடிந்தது. விருந்தின் முதல் கிண்ணத்துக்கு உகந்தது அசல்தான்: புளி, மிளகு, சீரகம், பூண்டு, மேலே கொத்தமல்லி. தமிழ் வீடுகளில் கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு முன்னால் அரைக் கிண்ணம் ரசத்தை வடித்துக் கொடுப்பதை எந்த உடலியல் நூலும் ஆதரிக்கும்.

இன்றைய தமிழக உணவகங்களிலும் வரவேற்பு விருந்துகளிலும் ‘ஸ்டார்ட்டர்’ என்றால் எண்ணெயில் பொரித்த கோழி, காலிஃபிளவர், பன்னீர் என்றாகிவிட்டது. காலிஃபிளவர் தன்னளவில் 100 கிராமுக்கு 25 கலோரிதான். மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டதும் அதிலுள்ள நீர் ஆவியாகி, அந்த இடத்தில் எண்ணெய் ஏறுகிறது. கலோரி பல மடங்காகிறது. பொரித்த உணவு பிரியாணிக்கு முன்னால் வருவது இன்னொரு வகையிலும் பொருத்தமற்றது. இரண்டும் எண்ணெய், இரண்டும் மசாலா. நாக்குக்கு வேறுபாடே இல்லை.

எண்ணெயை அறவே விலக்குவதும் சரியல்ல. 2004இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடு சாலட் உண்டவர்களின் ரத்தத்தில் கேரட், தக்காளி, கீரையின் கரோட்டினாய்டுகள் ஏறக்குறைய சேரவே இல்லை. அவற்றை உடல் உறிஞ்சச் சிறிது கொழுப்பு வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஏறத்தாழ 40 கலோரி, கனமும் சேர்க்காது. மேசைக்கரண்டியாக ஊற்றினால் 120 ஆகிவிடும்.

நீரிழிவு உள்ளவர்கள் அமரும் மேசையில் முதல் உணவுக்கு இன்னொரு பயனும் உண்டு. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் வெளியான சிறிய ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேர் ஒரே உணவை வரிசை மாற்றி உண்டார்கள். காய்கறியும் புரதமும் முதலில், ரொட்டியும் பழச்சாறும் 15 நிமிடம் கழித்து என்று உண்டபோது, ஒரு மணி நேரத்துக்குப் பின் ரத்தச் சர்க்கரை, எதிர்வரிசையில் உண்டதைவிட 37 சதவீதம் குறைவாக இருந்தது. சூப்போடு ரொட்டியைக் கூடையில் வைக்கும் வழக்கம் இந்த நன்மையைக் கெடுத்துவிடுகிறது; பசியோடு இருப்பவர் கை முதலில் போவது அந்தக் கூடைக்குத்தான்.

பாதுகாப்பும் கவனத்துக்கு உரியது. சமைக்காமல் குளிர்புகையிட்ட மீனில் லிஸ்டீரியா பாக்டீரியா இருக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் அதைத் தவிர்ப்பது நல்லது. முன்கூட்டியே செய்து வைக்கும் சாற்றை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும், அல்லது விரைவாக ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, பரிமாறும் முன் நன்றாகச் சூடாக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சூப் கட்டிகளில் பெரும்பங்கு உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. விருந்து நாளில் அந்த அளவை முக்கிய உணவே எட்டிவிடும். புளிப்பும் மிளகும் இருந்தால் குறைந்த உப்பே போதும்.

கடைசியாக, இடைவெளி. தெளிந்த சாறு உட்கொண்டால் அதில் பாதி இரைப்பையை விட்டு இறங்க 10 முதல் 20 நிமிடம் ஆகிறது. கிண்ணங்களை எடுத்து, வான்கோழியை அறுத்து, தட்டுகளைச் சூடாக்கிக் கொண்டுவர வீட்டில் ஆகும் நேரமும் ஏறத்தாழ அதுவே. அதற்குள் பேச்சு சூடுபிடித்திருக்கும்; புளிப்பில் ஊறிய எச்சில் இன்னும் வாயில் இருக்கும்; கிரெலின் இன்னும் இறங்கியிருக்காது. அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விருந்தாளிகள் ரொட்டியையும் வறுத்த முந்திரியையும் தேடத் தொடங்குவார்கள். முந்திரி 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல் என்பதால், மேசையில் அதை வைக்காமல் இருப்பதே நல்லது.